லண்டன்ல சீட் கிடைச்சிருக்கு, கலம்காரிய விட்டுட்டு போகலாமா?

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்துக்குதான் பதில். நாலு பக்கம் எழுதிருக்காங்க, எதையும் தள்ள முடியல. பேர், ஊர், அடையாளம் தெரியற மாதிரி இருந்ததெல்லாம் எடுத்துட்டேன்.

வாசகிக்கு 26 வயசு. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரில ஓவியம் படிச்சவங்க. ரெண்டு வருஷமா துணில மூங்கில் பேனாவால கலம்காரி வரையற ஒரு பெரியவர்கிட்ட வேலை கத்துக்கறாங்க, கோயில் தேருக்கு தொம்பை (உருளையா தொங்கற துணி), தோரணம்னு ஆர்டர் வந்தா அவரோட சேந்து வரையறாங்க, கைச்செலவுக்கு சென்னைல ஒரு பொட்டிக்குக்கு (டிசைனர் துணிக்கடை) டிசைன் போட்டுக் குடுத்திருக்காங்க. இப்ப லண்டன்ல ஒரு யுனிவர்சிட்டில டெக்ஸ்டைல் எம்ஏ சீட் வந்திருக்கு. ஒரு வருஷ கோர்ஸ், ஃபீஸ், தங்கற செலவு எல்லாம் சேத்து 52 லட்சம். அதுல 45 லட்சம் பேங்க் லோன், அதுக்கு அப்பா பேர்ல இருக்கற வீட்ட அடமானம் வெக்கணும். அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறார், தம்பி இன்னும் காலேஜ்ல. கன்சல்டன்சில "பார்ட் டைம் வேலை, ஆன்லைன் ஃப்ரீலான்ஸ் ரெண்டும் பண்ணா இஎம்ஐ தானா ஓடிடும், கோர்ஸ் முடிச்சதும் அங்கயே செட்டில் ஆகிடலாம்"னு சொல்லிருக்காங்க. பெரியவர் "போயிட்டு வா பாப்பா"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். இவங்களுக்குதான் போகவும் மனசு வரல, விடவும் மனசு வரல. நடுவுல அந்த பொட்டிக்காரங்க வேற, எங்களுக்கு வரைஞ்சத போர்ட்ஃபோலியோல போட்டா கேஸ் போடுவோம்னு மெசேஜ் அனுப்பிருக்காங்க. டெபாசிட் கட்ட இன்னும் மூணு வாரம். "போனா துரோகம்ங்கறாங்க, போகலன்னா முட்டாள்ங்கறாங்க, சட்டப்படி என் நிலைமை என்னன்னாவது சொல்லுங்க"னு கேட்டிருக்காங்க.

வணக்கம் மா. என் அபிப்பிராயத்த முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் காரணத்த சொல்றேன். இந்த செப்டம்பர்ல, இந்த கடன வாங்கிட்டு போக வேணாம். லண்டனே வேணாம்னு நான் சொல்லல. சீட்ட ஒரு வருஷம் தள்ளி வெக்க முடியுமானு யுனிவர்சிட்டிய கேளுங்க, நிறைய இடத்துல ஒத்துக்கறாங்க, அதுக்கு டிஃபரல்னு பேரு. கடிதம் முழுக்க "போறதா இருக்கறதா"னு தவிச்சிருக்கீங்க. ஆனா எனக்கு பயம் வந்த இடம் அது இல்ல, நடுவுல போற போக்குல "அப்பா பத்திரம் குடுக்க ரெடியா இருக்கார்"னு ஒரு வரி எழுதிட்டு நகந்துட்டீங்களே, அந்த இடம்தான்.

ஃப்ரீலான்ஸ் பண்ணி கட்டிடலாம்ங்கற கணக்கு

இது தப்பு. கொஞ்சம் தப்பு இல்ல, விசாவே போயிடற அளவுக்கு தப்பு. பிரிட்டன் ஸ்டூடண்ட் விசால சுயதொழில் பண்ணக்கூடாது, அது விசா நிபந்தனையிலயே இருக்கு. ஒரு கம்பெனில சம்பளத்துக்கு வேலை பாக்கலாம், டிகிரி லெவல் கோர்ஸ்னா டெர்ம் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரம். ஆனா ஓவியம் வரைஞ்சு விக்கறது, இன்ஸ்டாகிராம்ல கமிஷன் எடுக்கறது, வீக்கெண்ட் மார்க்கெட்ல ஸ்டால் போடறது, இதெல்லாம் சுயதொழில். "கிளையண்ட் சென்னைல இருக்கார், பணம் என் இந்திய அக்கவுண்ட்டுக்குதானே வருது"னு கேப்பீங்க, கேக்காதவங்களே இல்ல. வேலை செய்யறப்ப நீங்க எந்த ஊர்ல உக்காந்திருக்கீங்கங்கறதுதான் கணக்கு. யுனிவர்சிட்டி விசா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, இதையும் சுயதொழில்னுதான் சொல்வாங்க. ஒரு கலைஞருக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு கன்சல்டன்சிக்கு தெரியாதா? தெரியும். உங்ககிட்ட ஃபீஸ் வாங்காம "ஃப்ரீ சர்வீஸ்" பண்றவங்களுக்கு பொதுவா யுனிவர்சிட்டி பக்கத்துல இருந்து கமிஷன் வருது, நீங்க சேந்தாதான் அந்த கமிஷன். அவங்க பொய் சொல்றாங்கன்னு சொல்லல, அவங்க யாருக்காக பேசறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு கேளுங்கன்னு சொல்றேன்.

சரி, சம்பள வேலையே பாக்கறீங்கன்னு வெச்சுப்போம். குறைஞ்சபட்ச கூலில வாரம் 20 மணி நேரமும் தவறாம கிடைச்சா மாசத்துக்கு சுமாரா 1,100 பவுண்டு வரும். ஆனா லண்டன்ல ஒரு மாணவர் சாப்பிட்டு தங்க மாசம் 1,529 பவுண்டு வேணும்னு அந்த ஊர் அரசாங்கமே கணக்கு வெச்சிருக்கு, விசா அப்ளை பண்றப்ப 9 மாசத்துக்கான அந்த பணம் 28 நாள் தொடர்ந்து அக்கவுண்ட்ல கிடக்கணும்ங்கறாங்க. ஆக பார்ட் டைம் சம்பளம் உங்க வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பத்தாது, இதுல எங்கேந்து இஎம்ஐ ஓடும். லீவுல முழு நேரமா பாத்துடலாம்னு நினைச்சா, ஒரு வருஷ எம்ஏ-ல கோடைக்காலம் பெரும்பாலும் லீவு கணக்குல வராது, ஃபைனல் ப்ராஜெக்ட் நடக்கற டெர்ம்தான் அது. மருத்துவத்துக்குன்னு வருஷத்துக்கு 776 பவுண்டு சர்சார்ஜ் இருக்கே, அது உங்க 52 லட்சத்துல இருக்கானு பாருங்க, நீங்க அனுப்பின லிஸ்ட்ல எனக்கு தெரியல.

படிப்பு முடிச்சதுக்கு அப்புறம் கிராஜுவேட் விசா இருக்கு, அதுல ஃப்ரீலான்ஸ் பண்ணலாம், அது நல்ல விசாதான். ஆனா ரெண்டு வருஷம்னு உங்களுக்கு சொன்னது பழைய கதை, 2027 ஜனவரி 1-லேந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான், உங்களுக்கும் அதான். அதுக்கு மேல இருக்கணும்னா ஸ்கில்டு ஒர்க்கர் விசா. அதுக்கு பொதுவான சம்பள வரம்பு இப்ப வருஷத்துக்கு 41,700 பவுண்டு, புதுசா படிச்சு வர்றவங்களுக்கு கொஞ்சம் சலுகை உண்டு, சம்பளம் தவிர வேலையோட தகுதி நிலையும் பாப்பாங்க. டெக்ஸ்டைல் ஸ்டூடியோல புதுசா சேர்ற பொண்ணுக்கு அந்த சம்பளத்த குடுத்து ஸ்பான்சரும் பண்ற கம்பெனி அமையலாம், ஆனா அது அமையும்ங்கற நம்பிக்கைல வீட்ட அடமானம் வெக்கறதுக்கு நான் கையெழுத்து போட சொல்ல மாட்டேன்.

இன்னொரு வழி இருக்கு, அத யாரும் உங்களுக்கு சொன்னதா தெரியல. குளோபல் டேலண்ட் விசா. கலைஞர்களுக்கு ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்துங்கற அமைப்பு பரிந்துரை குடுக்கணும். வளர்ந்து வர்றவங்களுக்குன்னு அதுல தனி பிரிவே இருக்கு. அவங்க கேக்கறது டிகிரி இல்ல, கண்காட்சி, விருது, பத்திரிகைல வந்த விமர்சனம், துறைல பெரியவங்க எழுதற கடிதம் இப்படி. லேசுப்பட்டது இல்ல, உங்க வயசுல உடனே கிடைக்கும்னும் சொல்ல மாட்டேன். ஆனா அங்க போய் நிக்கறதுக்கு வேண்டிய சாட்சியம் நீங்க இப்ப உக்காந்து வேலை செய்யற திண்ணைலதான் உருவாகுது, அத மனசுல வெச்சுக்கோங்க.

வீட்டுப் பத்திரம்

45 லட்சம், 10.5 சதவீத வட்டி, 10 வருஷம்னு வெச்சா மாசம் சுமார் 60,700 ரூபா. படிக்கற ஒரு வருஷமும் அதுக்கு அப்புறம் ஒரு வருஷமும் கட்ட வேணாம்னு பேங்க்ல சொல்லிருப்பாங்க, மொராட்டோரியம்பாங்க. கட்ட வேணாம்னா வட்டி இல்லன்னு அர்த்தம் இல்லமா. ரெண்டு வருஷ வட்டி மட்டும் 9.45 லட்சம் ஆகும், அது அசல்ல ஏறினா இஎம்ஐ 73,500 பக்கம் போகும். அந்த நேரத்துல அப்பா பென்ஷன்ல இருப்பார், தம்பி வேலை தேடிட்டு இருப்பான்.

அடமானத்துல இருக்கற வீட்டுக்கு என்ன ஆகும்னு யாரும் உக்கார வெச்சு சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடறேன். தவணை 90 நாள் நின்னா அது வாராக்கடன். அதுக்கப்புறம் 2002-ல வந்த சர்ஃபேசி சட்டப்படி பேங்க் 60 நாள் நோட்டீஸ் குடுக்கும். அதுலயும் கட்டலன்னா கோர்ட்ல வழக்கு நடத்தி ஜெயிக்கணும்னு அவசியம் இல்லாமலே வீட்ட எடுத்து ஏலம் விட முடியும். அப்பா இதுல வெறும் சாட்சி கையெழுத்து போடல, அவரும் கடன்காரர்தான். லண்டன்ல உங்களுக்கு வேலை கிடைக்கல, உடம்பு சரியில்ல, இல்ல ஆறு மாசத்துல "இது எனக்கு ஒத்து வரல"ன்னு தோணுதுன்னா கூட திரும்பி வர முடியாம அந்த கடன் பிடிச்சு வெச்சுக்கும். கலைல இருக்கறவங்களுக்கு மனசு மாறற உரிமை ரொம்ப முக்கியம், அத முன்கூட்டியே எழுதிக் குடுத்துடாதீங்க.

அந்த வீடு அப்பா சம்பாதிச்சதா, தாத்தா வழியா வந்ததானு நீங்க எழுதல. பூர்வீகம்னா உங்களுக்கும் தம்பிக்கும் அதுல பங்கு இருக்கு, தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கு 1989-லயே குடுத்துட்டாங்க. அப்ப தம்பி சம்மதமும் வேணும். அவன்கிட்ட உக்காந்து பேசுங்க, "அக்காவுக்காக"ன்னு அவன் யோசிக்காம தலையாட்டறத சம்மதம்னு எடுத்துக்காதீங்க.

பொட்டிக் மெசேஜுக்கு என்ன பண்றது

"நான் வரைஞ்சது, அப்ப என்னோடதுதானே"னு எழுதிருக்கீங்க. நல்லாருக்கும் அப்படி இருந்தா. நம்ம காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 1957-ல வந்தது, அதுல 17-ஆம் பிரிவுல ஒரு கொக்கி இருக்கு. ஒருத்தர் காசு குடுத்து கேட்டு ஒரு ஓவியம் வரைஞ்சு குடுத்தா, வேற மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாதப்ப, முதல் உரிமையாளர் காசு குடுத்தவர்தான். ஆக எட்டாயிரம் வாங்கிட்டு அவங்க கேட்டு வரைஞ்சு குடுத்த அந்த யாளி, கிளி எல்லாம் அவங்களோடதுன்னு வாதாட அவங்களுக்கு இடம் இருக்கு. நீங்களா வரைஞ்சு வெச்சிருந்தத பாத்து "இது நல்லாருக்கு"ன்னு எடுத்துக்கிட்டாங்கல்ல, அது வேற. அது உங்களோடது. உரிமைய முழுசா மாத்திக் குடுக்கணும்னா கையெழுத்து போட்ட எழுத்து வேணும், அப்படி எழுதினாலும் அதுல காலம் சொல்லலன்னா 5 வருஷம்தான், எல்லை சொல்லலன்னா இந்தியாவுக்குள்ளதான். அதனால வாட்ஸ்ஆப் சாட்ட ஒண்ணுகூட அழிக்காதீங்க, எது கேட்டு வரைஞ்சது எது முன்னாடியே இருந்ததுன்னு தேதியோட பிரிச்சு வைங்க.

ரெண்டு வகைலயும் ஒண்ணு மட்டும் உங்களவிட்டு போகாது, 57-ஆம் பிரிவு. இத வரைஞ்சது நான்தான்னு சொல்லிக்கற உரிமை, காப்புரிமை கை மாறினாலும் ஆர்டிஸ்ட்கிட்டயேதான் இருக்கும். படத்த போர்ட்ஃபோலியோல போடறதுக்கு மட்டும் பணிவா ஒரு மெயில் போட்டு "அட்மிஷனுக்காக மட்டும், விக்கறதுக்கு இல்ல, உங்க கடை பேரையும் போடறேன்"னு அனுமதி கேளுங்க. மிரட்டினவங்ககிட்ட போய் கேக்கறதானு கோவம் வரும். கேளுங்க, இந்த மாதிரி மெசேஜ் அனுப்பறவங்க பாதி பேர் மரியாதையா மெயில் வந்தா இறங்கிடுவாங்க.

இன்னொண்ணு, அவங்க உங்க டிசைன ஸ்கேன் பண்ணி பிரிண்ட் போட்டு விக்கறாங்கன்னு எழுதிருக்கீங்க. டிசைன்ஸ் சட்டத்துல பதிவு பண்ணக்கூடிய ஒரு டிசைன பதிவு பண்ணாம விட்டுட்டு, உரிமையாளர் சம்மதத்தோட மெஷின்ல 50 தடவைக்கு மேல அடிச்சுட்டா, அந்த டிசைன்ல காப்புரிமையே முடிஞ்சுடும். யாருக்குமே இருக்காது, உங்களுக்கும் இல்ல அவங்களுக்கும் இல்ல. இனிமே துணிக்கு டிசைன் குடுக்கறப்ப இத நினைவுல வெச்சு விலை பேசுங்க, பதிவு பண்றதுன்னா வெளில விடறதுக்கு முன்னாடி பண்ணணும்.

பெரியவர் விஷயம்

இங்கதான் உங்க கடிதம் அழகா இருந்துச்சு. கடுக்காய்ல ஊறி மஞ்சளா காஞ்ச துணில, இரும்பும் வெல்லமும் நாள் கணக்கா புளிக்க வெச்ச தண்ணிய மூங்கில் கலத்துல, அதான் அந்த பேனாவுல, தொட்டு இழுத்தா முதல்ல வெளிர் சாம்பலா ஒரு கோடு விழுந்து, பாத்துட்டு இருக்கறப்பவே கருப்பு ஏறுமாமே. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஊர விட்டு போக முடியலன்னு எழுதிருக்கீங்க. நம்பறேன்.

ஆனா "நான் போயிட்டா இந்த கலை இந்த ஊர்ல முடிஞ்சுடும்"னும் எழுதிருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, அது உண்மை இல்ல. அவர் வீட்டுலயே மகனும் மருமகளும் வரையறாங்கன்னு மூணாவது பக்கத்துல நீங்களே எழுதிருக்கீங்க. நாயக்கர் காலத்துலேந்து வர்ற வேலைனு சொல்றீங்க, ரெண்டு வருஷம் முன்னாடி வந்த உங்க தலைல அத்தன பாரத்தையும் யாரும் ஏத்தல, நீங்களா ஏத்திக்கறீங்க. அவர் போயிட்டு வான்னு சொன்னார்னா அத அப்படியே எடுத்துக்கோங்க. துரோகம் அது இதுன்னு பேசறவங்க யாரு? அவர் இல்லல்ல?

துரோகம் ஆகக்கூடிய இடம் வேற ஒண்ணு இருக்கு, அத பாப்போம். உங்க லண்டன் போர்ட்ஃபோலியோல இருக்கற பெரிய பேனல் ரெண்டு பேரும் சேந்து வரைஞ்சது. எது யார் கைன்னு பிரிக்க முடியாதபடி சேந்து பண்ணா சட்டத்துல அது கூட்டுப் படைப்பு, ரெண்டு பேருக்கும் உரிமை, ஒருத்தர் மட்டும் விக்கவோ அச்சடிக்க குடுக்கவோ முடியாது. அன்னம், யாளி, மாங்கா வடிவம் இதெல்லாம் யார் சொத்தும் இல்ல, ஆனா அவர் கைப்பட போட்ட குறிப்பிட்ட கோலம், அவர் நோட்டுல இருக்கற கோட்டோவியம், அது அவர் ஆயுசுக்கும் அதுக்கு மேல 60 வருஷத்துக்கும் அவர் குடும்பத்தோடது. "அவர்கிட்ட கத்துக்கிட்டதால என்னோடது"ன்னு ஒரு இடத்துல எழுதிருக்கீங்க, அத அடிச்சுடுங்க. கத்துக்கிட்ட வித்தை உங்களுது. அவர் போட்ட படம் அவருது.

பேரும் அப்படித்தான். கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அந்த பகுதில அந்த முறைல செய்யறவங்க, அங்கீகரிக்கப்பட்ட பயனரா பதிவு பண்ணிக்கிட்டாதான் அந்த பேர உரிமையோட போட முடியும். பதிவுக் கட்டணத்த 2020-ல பத்து ரூபாயா குறைச்சுட்டாங்க, பெரியவர் குடும்பம் பதிவு பண்ணிருக்காங்களானு இந்த வாரமே கேளுங்க, இல்லன்னா நீங்க உக்காந்து ஃபாரம் நிரப்பிக் குடுங்க, அதவிட பெரிய குருதட்சிணை இல்ல. லண்டன் ஃப்ளாட்ல பண்ற துணிக்கு அந்த பேர் பொருந்தாது. (அந்த ஊர் வாடகை வீட்டு பாத்ரூம்ல துருப்பிடிச்ச இரும்பு புளிக்கற வாசனைக்கு வீட்டுக்காரர் என்ன சொல்வார்ங்கறத உங்க கற்பனைக்கு விட்டுடறேன்.)

சேந்து செஞ்சதுக்கு ஒரு பக்கத்துல எழுத்து போட்டுக்கோங்க. கண்காட்சில ரெண்டு பேர் பேரும் வரணும், வித்தா எப்படி பங்கு, போட்டோவ யார் எங்க போடலாம், அவ்ளோதான். தமிழ்லயே எழுதுங்க, அவர் மகனையும் கூட வெச்சுக்கிட்டு படிச்சு காட்டுங்க. பெரியவர்கிட்ட போய் பேப்பர நீட்டறதானு கூச்சமா இருக்கும். அவருக்குதான் அது பாதுகாப்புனு சொல்லுங்க, புரிஞ்சுப்பார்.

லண்டன்ல உங்களுக்கு என்ன வேணும்?

கடிதத்த ரெண்டாவது தடவ படிக்கறப்ப ஒண்ணு கவனிச்சேன். எம்ஏ பாடத்திட்டத்த பத்தி நீங்க ரெண்டு வரிதான் எழுதிருக்கீங்க. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கற சோழமண்டலக் கரை துணிகள பத்தி ஒரு பக்கம் எழுதிருக்கீங்க. நம்ம கரைலேந்து போன அந்த பூத்துணிய பாத்து பயந்துதான் 1686-ல பிரான்ஸும் 1721-ல இங்கிலாந்தும் தடை போட்டாங்க, அத கிட்ட இருந்து பாக்கணும்ங்கற உங்க ஆசை நியாயமானது. ஆனா அதுக்கு 45 லட்சம் வேணாம்மா. அந்த மியூசியம் 2025-ல கிழக்கு லண்டன்ல ஸ்டோர்ஹவுஸ்னு ஒரு இடம் திறந்திருக்காங்க, சேகரிப்புல இருக்கற பொருள முன்கூட்டியே பதிவு பண்ணி எடுத்து வெக்க சொல்லி நேர்ல பாக்கலாம், யார் வேணா பாக்கலாம், கட்டணம் இல்ல. விசிட்டர் விசால மூணு வாரம் போய் நோட்டும் பென்சிலுமா உக்காந்துட்டு வரலாம். அதுக்கு முன்னாடி அகமதாபாத் காலிகோ மியூசியத்துக்கு ட்ரெயின் ஏறுங்க, 1949-லேந்து இருக்கு, இன்னும் போனதில்லன்னு எழுதிருக்கீங்க!

இல்ல, எனக்கு கோர்ஸே வேணும், புது ஆளுங்க, ஸ்டூடியோ, விமர்சனம் எல்லாம் வேணும்னா அதுவும் சரிதான். ஒரே ஊர்ல ஒரே குருகிட்ட இருந்தா கண்ணு சுருங்கிடும்ங்கற பயம் உங்களுக்கு இருக்கு, அது தப்பான பயம் இல்ல. அதுக்குதான் ஒரு வருஷம் கேக்கறேன். அந்த வருஷத்துல இன்லாக்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு போடுங்க, 30 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு, உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு. சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் கலை, பாரம்பரியத் துறைல இருக்கறவங்க பிரிட்டன் போக உதவித்தொகை குடுக்கறாங்க, குறுகிய காலத்துக்கும் உண்டு. மத்திய கலாச்சார அமைச்சகத்தோட ஜூனியர் ஃபெல்லோஷிப் 25-லேந்து 40 வயசு வரைக்கும், மாசம் 10,000, ரெண்டு வருஷம், பெரியவரோட வேலைய ஆவணப்படுத்தறதயே ப்ராஜெக்ட்டா எழுதலாம். ஒண்ணும் கிடைக்காமயும் போகலாம், போட்டி ஜாஸ்தி. அப்பவும் உங்க கைல ஒரு வருஷ வேலை இருக்கும், வீடும் இருக்கும். கடன் வாங்கியே போறதுன்னாலும் பாதிக்கு மேல ஸ்காலர்ஷிப்ல வந்தா, மீதிக்கு வீட்ட வெக்காம வாங்க வழி இருக்கானு ரெண்டு மூணு பேங்க்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இதுல ஒரு ரிஸ்க் இருக்கு, மறைக்கல. டிஃபர் பண்ணா அடுத்த வருஷ ஃபீஸ் ஏறலாம், விசா விதி இன்னும் இறுகலாம், சில யுனிவர்சிட்டி திரும்ப அப்ளை பண்ண சொல்லிடுவாங்க. அந்த நஷ்டம் தாங்கக்கூடியது, வீடு போனா அப்படி இல்ல.

இப்ப உடனே பண்ண வேண்டியது. டெபாசிட் கட்டிடாதீங்க, கட்டினா விசா மறுத்தாதான் பொதுவா திரும்ப வரும், மனசு மாறினா வராது, அந்த ஷரத்த ஆஃபர் லெட்டரோட வந்த பிடிஎஃப்ல தேடிப் படிங்க. கன்சல்டன்சி வழியா போகாம நேரா அட்மிஷன் ஆபீஸுக்கு மெயில் போடுங்க, டிஃபர் பண்ணா ஃபீஸ் எது, டெபாசிட் எப்ப, போர்ட்ஃபோலியோ திரும்ப அனுப்பணுமான்னு மூணு கேள்வி போதும். பேங்க்ல சாங்ஷன் லெட்டர் வந்திருந்தாலும் பணம் எடுக்காத வரைக்கும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் இல்ல, ஆனா பத்திரத்த ஏற்கனவே ஒப்படைச்சாச்சுன்னா அத எழுத்துல கேட்டு திரும்ப வாங்குங்க, ரசீது இல்லாம எதையும் குடுக்காதீங்க. பொட்டிக்காரங்க மெசேஜோட ஸ்க்ரீன்ஷாட்டும் யுனிவர்சிட்டி பதிலும் வந்ததும் எனக்கு அனுப்புங்க, அவங்களுக்கு என்ன பதில் எழுதறதுன்னு பாத்து சொல்றேன்.